இரண்டு சுவர்களுக்கு இடையில் நடப்பவன்

இயேசு மரி சூசை

திருச்சி
10.02.2008

அன்புத் தம்பி றஜீவுக்கு,

அக்கா மக்டலீன் எழுதுகிறேன். இங்கே நானும் யூட்டும் சுகம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் அவ சொல்வதைக் கேட்பதில்லை. அங்கே பனிக்குள் தலையை மூடிக்கொண்டு போகிறாயா? சவிரிமுத்து மாமா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது எட்டிப் பார்க்கிறாயா?

போனில் சொன்னால் "சரியக்கா, சரியக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அம்மாவும் பக்கத்திலேயே நிற்பா. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் வாசி.

என் மகன் யூட் டியூஷனுக்குப் போகாமல் கேம்ஸ் சென்டரே கதி என்று கிடக்கிறான். போன கிழமை அவனை இழுத்துவர அம்மா போனா. கடைக்காரத் தம்பி முபாரக், "உக்காருங்க பாட்டி, இப்ப முடிச்சிடுவான்" என்று ஒரு ஸ்டூலைப் போட்டிருக்கிறான். அம்மா யூட்டின் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. திரையில் ஒரு நீண்ட நடைவழி. சீருடை போட்ட காவல்காரன் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறான். அம்மா எழும்பி நின்றுவிட்டாவாம். "இது எங்கடை அல்பேர்ட் எல்லோ நடக்கிறான்" என்றாவாம்.

யூட் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தான். நான் சீனி இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். றஜீவ், முகம் யாரோ ஒரு வெள்ளைக்காரனுடையது. தொப்பி, மீசை எல்லாம் இருக்கிறது. ஆனால் இடது காலை வைத்ததும் வலது தோள் ஒரு கணம் பிந்தி வருகிறது. திரும்பும்போது முதலில் கழுத்து, பிறகுதான் உடம்பு. உன் அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?

முபாரக்கிடம் கேட்டேன். அந்த விளையாட்டு போன வருடம்தான் வந்ததாம். அல்பேர்ட் ஒஸ்லோவிலிருந்து மன்னாருக்குப் போய், போன இடத்தில் காணாமல் போனது அதற்கு முந்தின வருடம். அப்படியென்றால் அவன் எங்கேயோ இருந்துகொண்டு இதில் நடித்திருக்கிறானா? நீயும் இப்படி விளையாட்டுச் செய்கிற கம்பனியில்தானே வேலை செய்கிறாய். கோபப்படாமல் பதில் எழுது.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.
அக்கா மக்டலீன்

*

அம்மருட், ஒஸ்லோ
24.02.2008

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரிக்காமல் தொடங்கினால் குறை சொல்வீர்கள். நான் சுகம். தொப்பி போடுகிறேன். மாமா வீட்டுக்குப் போகிறேன். புஷ்பமலர் மாமி என்னைக் கண்டதும் கலியாணப் பேச்சு எடுப்பதால் கெதியாகத் திரும்பிவிடுகிறேன். அம்மாவின் சீனி எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. "கட்டுக்குள்" என்பது ஒரு அளவு அல்ல.

இனி விஷயம். அது அண்ணாவின் நடைதான். ஆனால் அது அண்ணா இல்லை.

2003ஆம் ஆண்டு, நான் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கம்பனி ஒஸ்லோவில் மனிதர்களின் அசைவுகளைப் பதிவு செய்தது. நான் அங்கே வயர் இழுக்கும் வேலைக்குப் போனேன். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பில் சின்னச் சின்ன வெள்ளைப் பந்துகள் ஒட்டியிருக்கும். சுற்றிவரக் கமெராக்கள். கமெரா பந்துகளைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. நடப்பதற்கென்று கூட்டிவந்த நோர்வேக்காரர்கள் எல்லாரும், யாரோ பார்க்கிறார்கள் என்றதும் சுடுமணலில் கோழி போல நடந்தார்கள். அண்ணா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர். பெட்டியை வைத்துவிட்டுக் கோப்பி மெசினுக்குப் போய்த் திரும்பினார். பதிவுக்குப் பொறுப்பாக இருந்த பெண், "அந்த ஆளுக்கு உடுப்பைப் போடுங்கள்" என்றாள். இவ்வளவுதான்.

அந்தக் கம்பனி செய்தது ஒரு கேம் எஞ்சின். உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். இங்கே ஸ்டோவ்னர் பக்கம் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்தால், மணவறை, சிவப்புக் கதிரை, பிளாஸ்டிக் யானை எல்லாம் மண்டபத்தோடேயே வரும். வேண்டுமென்றால் மாற்றலாம். ஒருவரும் மாற்றுவதில்லை. ஆகவே எங்கள் ஆட்களின் கலியாண வீடியோ எல்லாவற்றிலும் அதே யானை நிற்கும். எஞ்சினும் அப்படித்தான். வெளிச்சம் எப்படி விழும், கதவு எப்படித் திறக்கும், மனிதன் எப்படி நடப்பான் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வாங்குகிறவன் முகத்தையும் சட்டையையும் மாற்றிவிட்டுப் புது விளையாட்டு என்று விற்பான். சோம்பேறிகள். இப்போது வருகிற விளையாட்டுகளில் எதை எடுத்தாலும் அதே மண்ணிறம், எண்ணெய் பூசியது போல அதே ஈரச் சுவர், அதே நடை. எங்கள் கம்பனியில் நான் நாளாந்தம் சண்டை பிடிப்பது இதற்காகத்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பதிவு பழையது, விளையாட்டுத்தான் புதியது. அவர் எங்கும் இருந்து நடிக்கவில்லை.

யூட்டை டியூஷனுக்கு அனுப்புங்கள்.
றஜீவ்

*

இயேசு மரி சூசை

திருச்சி
16.03.2008

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். நீ கேட்டபடி ஆஸ்பத்திரியில் இருந்து அம்மாவின் சீனி அளவு எழுதிய துண்டை இதற்குள் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு எஞ்சின் கதையை என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா. பிறகு, "அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ, இல்லாட்டித் தம்பிக்குக் குடுத்துப்போட்டுச் சும்மா நிண்டவனோ?" என்று கேட்டா. அதற்கு நீ பதில் எழுது.

இப்போது அம்மா பின்னேரங்களில் கேம்ஸ் சென்டருக்குப் போய் வருகிறா. முழங்கால் நோகிறது என்று பூசைக்குப் போகாமல் விட்டவ, அங்கே நடந்து போகிறா. முபாரக் நல்ல பிள்ளை. "பாட்டி வந்துட்டாங்க, அந்த லெவல போடுங்கடா" என்பானாம். பையன்களும் போடுகிறார்களாம்.

ஆனால் தம்பி, அந்தக் காவல்காரன் அங்கே நிற்பதே சுடப்படுவதற்குத்தான். முதல் நாள் ஒரு பையன் சுட்டதும் அம்மா அவன் கையைப் பிடித்துவிட்டா. "சுடலேன்னா கேட்டு திறக்காது பாட்டி" என்று அவன் பாவமாகச் சொல்லியிருக்கிறான். இப்போது சுடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறா. நான் ஒருநாள் போனபோது திருப்பவில்லை, பார்த்தேன். விழும்போது அவன் உள்ளங்கையால் முதலில் நிலத்தைத் தொடுகிறான். அல்பேர்ட் சின்ன வயதில் விழுந்தாலும் அப்படித்தான், கை எப்போதும் உரஞ்சியிருக்கும். நீ நடையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறாய். விழுவதும் அவன்தானா?

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை மாதம் பங்கில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போமே, சகல ஆத்துமாக்கள் பூசையில் வாசிக்க. அப்பாவின் பெயரை ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறோம். அல்பேர்ட்டின் பெயரைக் கொடுக்க அம்மா விடுவதில்லை. "உயிரோடை இருக்கிற பிள்ளையை நான் சாக்காட்டவோ" என்கிறா. அவனைப் பற்றி எழுதிக் கேட்ட இடங்களிலிருந்து எங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை என்று உனக்குத் தெரியும். இருக்கிறவனுக்கு அந்தப் பூசை வைத்தால் அது பாவம். ஆனால் இல்லாதவனுக்கு ஒருவரும் மன்றாடாமல் விட்டால், மோட்சத்துக்குப் போகமுதல் ஆத்துமாக்கள் காத்து நிற்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவன் எவ்வளவு காலம் நிற்பான்? அந்தத் திரையில் அவன் நடந்து நடந்து திரும்புவதைப் பார்த்த பிறகு எனக்கு இந்த எண்ணம்தான். இந்தக் கார்த்திகைக்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

ஆண்டவர் உன் கூடவே இருப்பாராக.
அக்கா

*

அம்மருட், ஒஸ்லோ
02.04.2008

அன்புள்ள அக்கா,

சுகம். அம்மாவின் சீனி கூடித்தான் இருக்கிறது. வைத்தியரை மாற்றுங்கள். அன்றைக்கு அண்ணா சாப்பிட்டவர். என் பெட்டியிலிருந்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டவர்.

ஒரு கணினி ஃபைல் உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போகாது. அது இடது முழங்கால் எந்த நேரத்தில் எந்த உயரத்தில் இருந்தது என்ற இலக்கங்கள். அவ்வளவுதான். நீங்கள் நன்றாகப் படித்தவர், இப்படி எழுதலாமா?

அதே நடை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கமுதல் நானே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் அடிக்கிற கடைக்காரனாக ஒரு கார் விளையாட்டில். மடாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுகிற சாமியாராக ஒன்றில். இன்னொன்றில் புதைகுழியிலிருந்து எழும்பி வருகிற பிணமாக. வேகத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், வேறொன்றும் செய்யவில்லை. எந்தக் கம்பனி புதிதாக விட்டாலும் எங்கள் வேலையிடத்தில் வாங்கிப் போட்டுப் பார்ப்போம். நான் எழும்பிப் போய்விடுவேன். யாழ் என்று இங்கே பிறந்த பிள்ளை ஒருத்தி என்னோடு வேலை செய்கிறாள். "றஜீவ் அண்ணா விளையாட்டுக் கம்பனியிலை வேலை செய்துகொண்டு விளையாட்டைக் கண்டா ஓடுறார்" என்று பகிடி பண்ணுவாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

நல்ல செய்தி ஒன்று. நாங்கள் இப்போது செய்வது சண்டையே இல்லாத விளையாட்டு. ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு வருகிற கடலில், ஒரு படகு, ஏறுகிற பயணிகள், அவர்களின் கதைகள். எங்கள் தலைவர் ஸ்டைனார் கடைசியில் எனக்குச் சம்மதித்துவிட்டார். எஞ்சினோடு வந்த நடையை எடுத்துவிட்டு எங்களுக்கென்று புதிதாகப் பதிவு செய்யப் போகிறோம். பொறுப்பு என்னுடையது. எங்கள் விளையாட்டிலாவது அது இருக்காது.

பூசை விஷயத்தை நீங்களும் அம்மாவும் கதைத்து முடிவு எடுங்கள்.

றஜீவ்

*

இயேசு மரி சூசை

திருச்சி
05.05.2008

அன்புத் தம்பிக்கு,

வெயில் கொளுத்துகிறது. மற்றபடி குறையில்லை. உனக்கு அங்கே இப்போது பனி உருகியிருக்கும்.

விழுவதும் அவன்தானா என்று கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிய நீ அதற்கு எழுதவில்லை. மறந்திருப்பாய்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன், பிணமாக நடக்கிற இடத்தை விட்டுவிட்டு. படகு விளையாட்டைப் பற்றிக் கேட்டதும் அவ முகம் மாறிவிட்டது. "அதிலை ஒருத்தரும் சுடமாட்டினமோ?" என்றா. "இல்லையம்மா." "அப்ப ஏன் தம்பி அவனை அதிலை இருந்து எடுக்கிறான்? ஊரெல்லாம் சுடுகிற இடத்திலை எல்லாம் பிள்ளையை விட்டுட்டு, சுடாத ஒரு இடத்திலை இருந்து கலைக்கிறானோ?"

அவ கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீ சொல்.

அக்கா

*

அம்மருட், ஒஸ்லோ
20.07.2008

அன்புள்ள அக்கா,

பதில் பிந்திவிட்டது. போனில் நீங்கள் கேட்டபோது வேலை என்றேன். வேலைதான். சுகமாக இருக்கிறேன், கோடை விடுமுறைக்கு எல்லாரும் போய்விட்டதால் ஒஸ்லோ வெறிச்சோடிக் கிடக்கிறது.

அம்மாவிடம் நான் கலைக்கவில்லை என்று சொல்லுங்கள். எல்லா விளையாட்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்பது என் தொழில். அண்ணா நடந்திருக்காவிட்டாலும் அதை எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

எடுக்க முடியவில்லை என்பதுதான் இப்போது பிரச்சினை.

பதிவுக்கு ஆட்களைக் கூட்டிவந்தோம். ஒரு நாடக நடிகர், பயணிகள் படகில் உண்மையாகவே வேலை செய்த ஒருவர், தபால்காரர் ஒருவர். ஒருவரும் சரிவரவில்லை. நல்ல நடைக்காரனைத் தேடி அம்மருட் ஸ்டேசனில் ரயிலை விட்டுவிட்டு நின்று சனம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாகிஸ்தான்காரர் "என்ன தம்பி, பொலிஸா?" என்று கேட்டார். கடைசியில் பொறுமை கெட்டு நானே அந்தக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். என்னைப் பார்த்தால் சாதாரண நடை. நான் அண்ணாவைவிடக் கட்டை, தோளும் ஒடுக்கம்.

மறுநாள் யாழ் அதைத் திரையில் ஓடவிட்டு, "றஜீவ் அண்ணா, பழைய ஃபைலையே திரும்பப் போட்டிருக்கிறியள், இக்கெ சன்ட்?" என்றாள். அப்படித்தானே என்பதை இங்கத்தைய பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள்.

"இல்லை, இது நேற்று எடுத்தது."

"சும்மா கதை விடாதேங்கோ. எனக்கு இந்த மனுசன்ரை தோளைத் தெரியும், எத்தனை விளையாட்டிலை பாத்திட்டன்."

"இது நான், யாழ்."

அவள் ஃபைலின் திகதியைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலை வைத்து, ஒரே நேரத்தில் தோளை இழுத்து, ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பினார்கள். அவள் வேறு பகிடி விடவில்லை. "நான் கோப்பி எடுத்துக்கொண்டு வாறன்" என்று போய்விட்டாள்.

காரணம் எலும்பு. ஒரு தாய் தகப்பன், ஒரே இடுப்பு. விஞ்ஞானமாகப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைக் கண்ணாடிகளுக்கு முன்னால் நடக்க எனக்கு விருப்பமில்லை. இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

றஜீவ்

*

இயேசு மரி சூசை

திருச்சி
24.08.2008

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறேன் என்று எழுதியதை நான் நம்பவில்லை. மாமா வீட்டில் கொஞ்ச நாள் போய் நில். மாமி கலியாணம் பேசினால் பேசட்டும்.

வாசிக்க வேண்டாம் என்றாய், வாசித்துவிட்டேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. "அது அவங்கள் ரண்டுபேற்றையும் இல்லை. அது சூசைரட்ணத்தின்ரை நடை" என்று அப்பாவின் பெயரைச் சொன்னா. அப்பா கடலோடு போனபோது உனக்கு நடக்கவே சரியாக வராது. நீ பார்த்துப் பழகியிருக்க வழியில்லை.

இனி நான் எழுதப் போவதைக் கவனமாக வாசி.

போன கிழமை கேம்ஸ் சென்டர்ப் பையன்கள் அம்மாவுக்கு ஒரு உபகாரம் செய்தார்கள். அன்று அம்மாவின் பிறந்தநாள் என்று யூட் சொல்லியிருக்கிறான். "இன்னிக்கு பாட்டிக்காக சுட மாட்டோம்" என்று சத்தியம் பண்ணிவிட்டு, காவல்காரனை உயிரோடு விட்டுத் தாங்கள் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளித்து நின்றார்கள். அவன் நடந்தான். சுவர் மட்டும் போய்த் திரும்பினான். மற்றச் சுவர் மட்டும் போய்த் திரும்பினான். அம்மா முதலில் சந்தோசமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. நானும் பக்கத்தில் இருந்தேன். அவன் நிற்கவில்லை, ஒரு இடத்தில் குந்தவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, இவனுக்கு இளைப்பாற்றியே இல்லையோ?"

முபாரக்கிடமும் கேட்டா. "ஒருத்தரும் சுடாட்டி இவன் இப்பிடியே நடப்பானோ தம்பி?" அவன், "கரண்ட் இருக்கிற வரைக்கும் நடப்பாரு பாட்டி" என்றான். பாவம், அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்.

அன்றிலிருந்து அம்மா அங்கே போகவில்லை. வீட்டில் இருந்து யோசிக்கிறா. நேற்று என்னைக் கூப்பிட்டு, "தம்பியைக் கேட்டு எழுது. விழுகிறதும் அவனோ? விழுந்தாப் பிறகு என்ன செய்தவன்? அதைமட்டும் எழுதச் சொல்லு, மற்றதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றா.

இது மூன்றாம் தரம், றஜீவ்.

அக்கா

*

அம்மருட், ஒஸ்லோ
28.09.2008

அன்புள்ள அக்கா,

விழுவதும் அவர்தான்.

நடையைப் பதிந்த அதே நாள், மத்தியானத்துக்குப் பிறகு. நீல மெத்தை ஒன்றைப் போட்டு, விழச் சொன்னார்கள். முன்னால், பின்னால், படியில் தடக்கி, நெஞ்சில் பட்டு. அண்ணா எல்லாவற்றையும் ஒரு விளையாட்டு மாதிரிச் செய்தார். ஒவ்வொரு தரமும் எழும்பி என்னைப் பார்த்து, "எப்பிடியடா, செத்தது காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று கேட்பார். நான் சிரித்தேன். அதனால்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அதுவல்ல.

கடைசியாக முதுகில் அடிபட்டு முகம்குப்புற விழ வேண்டும். விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். அந்தப் பெண் வந்து கூப்பிட்டாள், அசைவில்லை. நான் ஓடிப்போய் மெத்தையைக் காலால் தட்டி, "அண்ணா, எழும்பு" என்றேன். முகத்தை மெத்தைக்குள் வைத்தபடியே, "பொறடா. நல்லாயிருக்கு" என்றார். அந்தக் காலத்தில் அவருக்கு விடிய விடியத் துப்புரவு வேலை, உங்களுக்கும் சேர்த்துக் காசு அனுப்புவதற்காக. அந்த நீல மெத்தையில்தான் ஆளுக்கு ஒரு நல்ல நித்திரை கிடைத்தது. நாங்கள் விட்டுவிட்டோம். கமெராவை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

எஞ்சினுக்குள் இருப்பது வெட்டிய துண்டு. விழுந்து கை நிலத்தில் பட்டதோடு முடிந்துவிடும். உங்கள் இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு ஸ்டைனாரின் சிநேகிதர் மூலம் வெட்டாத பதிவை எடுப்பித்தேன். அதில் உருவம் இல்லை. கறுப்பு இருட்டில் வெள்ளைப் புள்ளிகள், ஒரு மனிதன் படுத்திருக்கும் வடிவத்தில். மூச்சுக்குப் புள்ளிகள் கொஞ்சம் உயர்ந்து இறங்கும். அப்படியே போய், நாங்கள் கமெராவை நிற்பாட்டிய இடத்தில் முடிந்துவிடும். அவர் எழும்பியதை நான் அறிவேன். பிறகு என்னோடு ரயிலில் வந்தவர். ஆனால் எழும்பியது எந்த இடத்திலும் பதிவாகவில்லை அக்கா. நான் எத்தனை தரம் ஓடவிட்டுப் பார்த்தாலும் அவர் எழும்புவதில்லை.

அம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். விழுந்த பிறகு நித்திரை கொண்டார்.

றஜீவ்

*

இயேசு மரி சூசை

திருச்சி
19.10.2008

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. அம்மா தேறியிருக்கிறா.

கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். அம்மா ஒரு இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. "பொறடா, நல்லாயிருக்கு." பிறகு அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தா, அவன் குரல் மாதிரி. அழவில்லை. அன்று முழுவதும் வழமைபோலச் சமைத்தா, யூட்டை ஏசினா.

மறுநாள் காலை என்னிடம் பேனை கேட்டா. பங்கில் கொடுக்கும் துண்டில் அப்பாவின் பெயரை நான்தான் எப்போதும் எழுதுவேன். இந்த முறை அம்மாவே எழுதினா. ம. சூசைரட்ணம். அதற்குக் கீழே, சூ. அல்பேர்ட். கையெழுத்து கோணல்தான், திருத்த விடவில்லை. "என்ரை பிள்ளை நிம்மதியாக் கிடக்கட்டும். நான் எழுப்பிக்கொண்டு திரிஞ்சது காணும்" என்றா. கோவிலுக்கு முழங்கால் நோவோடு தானே நடந்து போய்ப் பெட்டிக்குள் போட்டா.

அதற்கு அடுத்த நாள் கேம்ஸ் சென்டர்ப் பையன் ஒருவன் வீடு தேடி வந்தான். "பாட்டி, ஏன் வர்றதில்ல? இப்ப அவர சுடாமலே கேட்டத் தொறக்க வழி கண்டுபிடிச்சிட்டோம்" என்றான். அவ்வளவு சந்தோசம் அவனுக்கு. அம்மா அவன் தலையைத் தடவினா. "பரவாயில்லை ராசா. சுட்டு விளையாடுங்கோ. அது அவன் இல்லை." நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அங்கேயும் பூசையில் அவன் பெயரைக் கொடு என்று அம்மா சொல்லச் சொன்னா. உனக்கு முடியாவிட்டால் மாமாவிடம் சொல்கிறேன்.

இறைவன் உன்னைத் தேற்றட்டும்.
அக்கா மக்டலீன்

*

அம்மருட், ஒஸ்லோ
23.11.2008

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

சுகமாக இருக்கிறேன். இது இந்த முறை உண்மை. முதல் பனி விழுந்து, உருகி, திரும்ப விழுந்துவிட்டது.

கார்த்திகை இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, தமிழ்ப் பூசைக்குப் போனேன். பெயரை நானே எழுதிப் போட்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. பெயர்களை வாசித்தது சவிரிமுத்து மாமா. வேகமாக வாசித்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சனத்துக்குள் என்னைத் தேடினார். நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் வாசித்தார். வெளியில் வந்ததும் புஷ்பமலர் மாமி என் ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டா.

அண்ணா இறந்துவிட்டார். எந்த அலுவலகமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எதையும் நேரே சொல்கிறவன் என்று பெயர் எடுத்தவனுக்கு இதை எழுத இரண்டு வருடம் எடுத்தது.

படகு விளையாட்டு முடிகிற கட்டத்தில் இருக்கிறது. அதில் ஒருவரும் அவருடைய நடையில் நடக்கவில்லை. என்னுடையதிலும் இல்லை. தபால்காரரின் நடையை யாழ் திருத்தி எடுத்தாள். ஆனால் மேல்தட்டில், காற்றுப் படாத பக்கத்தில், ஒரு நீட்டு மர வாங்கில் ஒருவர் படுத்திருப்பார். எஞ்சினில் அப்படி ஒரு அசைவு இல்லை. அந்தப் பழைய பதிவிலிருந்து மூச்சை எடுத்துப் போட்டேன். விளையாடுகிறவர்கள் அவரோடு பேச முடியாது, தள்ள முடியாது. படகு எங்கே போனாலும் அவர் நித்திரைதான். ஸ்டைனார், "இவர் எதற்கு?" என்று கேட்டார். "பயணி" என்றேன்.

இன்னொரு செய்தி. எஞ்சினின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. பழைய அசைவுகளை முழுக்கத் தூக்கிவிட்டார்கள். இனி வருகிற விளையாட்டுகளில் அண்ணா நடக்க மாட்டார். பதிலுக்கு வேறு ஒருவன் நடக்கிறான். கால் கொஞ்சம் வெளியே விரியும், நாலு அடிக்கு ஒருதரம் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்ப்பான். இன்னும் ஒரு வருடத்தில் எல்லாக் காவல்காரரும், எல்லாச் சாமியாரும், எல்லாப் பிணமும் நாலு அடிக்கு ஒருதரம் நிலத்தைப் பார்ப்பார்கள்.

"உனக்குத்தான் இது பிடிக்காதே. அடுத்த விளையாட்டுக்கு இதை மாற்ற எவ்வளவு காலம் வேண்டும்?" என்று ஸ்டைனார் கேட்டார்.

"அந்தக் கம்பனிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகு மாற்றுவோம்" என்றேன்.

"என்ன கேட்டு?"

"இது யார், சுகமாக இருக்கிறாரா என்று."

இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் அன்புள்ள
றஜீவ்